கீரிமலைக்கு எவ்வளவு தூரம்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கட்டுக்கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் டிஸ்பேட்ச் பிரிவில் வேலை பார்க்கிறேன். லாரியில் சரக்கு ஏறி, எடை போட்டு முடிந்ததும் இ-வே பில் போடுவது என் பொறுப்பு. புறப்படும் ஊரின் பின்கோடையும் போய்ச் சேரும் ஊரின் பின்கோடையும் அடித்தால் நடுவிலுள்ள தூரத்தை அரசாங்கத்தின் இணையதளமே கணக்கிட்டுக் காட்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது 2021 ஜனவரியிலிருந்து விதி. நெல்லூர் என்றால் ஒரு நாள், ஓங்கோல் என்றால் இரண்டு நாள். அந்தக் கெடுவுக்குள் லாரி போய்ச் சேர வேண்டும். பில் இல்லாத லாரி எளாவூர் சோதனைச்சாவடியில் நின்றுவிடும். இன்ஜின் நன்றாக இருந்தாலும் நிற்கும், சாலை வெறிச்சோடிக் கிடந்தாலும் நிற்கும். முதலில் தாள், பிறகுதான் சாலை. இந்த வேலைக்கு வந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

நான் பில் போட முடியாத ஒரு தூரம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர். விமானத்தில் ஒன்றே கால் மணி நேரம். படத்தை விரித்துப் பார்த்தால் இரண்டும் 80 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டி, ஒன்றுக்கு நேர் கீழே மற்றொன்றாக இருக்கின்றன. விமானம் கிழக்கே மேற்கே திரும்ப வேண்டிய வேலையே அதிகம் இல்லை, தெற்கே போனால் போதும். இலங்கைக் கடிகாரமும் 2006 முதல் மறுபடி இந்தியக் கடிகாரத்தோடு ஒன்றாகிவிட்டது. இங்கே இரண்டு மணிக்குக் கிளம்பினால் அங்கே அதே கடிகாரத்தில் மூன்றே காலுக்கு இறங்கலாம்.

இது புதிய வழியும் இல்லை. பலாலியில் ஓடுபாதை போட்டது இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பிரிட்டிஷ் விமானப்படை. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் தன் முதல் விமானத்தை விட்டபோது அது இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் வந்தது. என் அம்மம்மாவின் தலைமுறையில் பணம் உள்ளவர்கள் காலையில் யாழ்ப்பாணத்தில் சாப்பிட்டு, மத்தியானம் மதராசில் சாப்பிட்டிருக்கிறார்கள். எழுபதுகளின் கடைசியில் அது நின்றது. பிறகு போர். 2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11 முதல் சென்னையிலிருந்து விமானம் போகத் தொடங்கியது. நாலு மாதத்தில் கொரோனா வந்து அதையும் நிறுத்தியது. 2022 டிசம்பர் 12 அன்று மீண்டும் தொடங்கி இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது, விசிறி வைத்த சின்ன விமானங்கள்.

நான் பிறந்த வசாவிளான் அந்த ஓடுபாதைக்குப் பக்கத்து ஊர். 1990 ஆனி மாதம் வலிகாமம் வடக்கிலிருந்து சனம் முழுவதும் கிளம்பியபோது எனக்கு எட்டு வயது. சொந்தக்காரர் வீடுகள், ஒரு பள்ளிக்கூடத்துத் திண்ணை, பிறகு படகு, ராமேஸ்வரம், மண்டபம் முகாம், கடைசியில் கும்மிடிப்பூண்டி. 2021இல் அகதிகள் முகாம் என்ற பெயரை மாற்றி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று வைத்தார்கள். நல்ல பெயர்தான். எங்கள் வீட்டு நிலம் இன்றைக்கும் ராணுவ வேலிக்குள்ளே இருப்பதாக அங்கிருந்து வருகிறவர்கள் சொல்கிறார்கள். சென்னையிலிருந்து போகும் விமானம் இறங்கும் இடத்துக்கும் எங்கள் கிணற்றடிக்கும் நடை தூரம்தான்.

போன வருஷம் மாசியில் அம்மா இறந்தார். படுக்கையில் கிடந்த நாட்களில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "என்னைக் கொண்டுபோய்க் கீரிமலையில கரைச்சு விடு பிள்ளை." ஆசுபத்திரிக்குப் போகும்போதும் அதைத்தான் சொன்னார், கஞ்சி வேண்டாம் என்று கையால் தள்ளும்போதும் அதைத்தான் சொன்னார்.

யாழ்ப்பாணத்துச் சைவர்களுக்குக் கீரிமலை என்றால் என்ன என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். கடலுக்கும் குளத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் உப்பு, இந்தப் பக்கம் ஊற்றிலிருந்து பொங்கும் நன்னீர். ஆண்களுக்கு ஒரு கேணி, பெண்களுக்கு மறைப்புக் கட்டித் தனியாக ஒன்று. மேலே நகுலேஸ்வரம் கோயில். செத்தவீடு நடந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அங்கேதான் போவார்கள், அஸ்தியை அந்தக் கடலில்தான் விடுவார்கள். ஆடி அமாவாசைக்குத் தகப்பனை நினைத்து முழுகுவதும் அங்கேதான். அம்மா குமரியாக இருந்தபோது வெள்ளிக்கிழமைகளில் கூட்டாளிமாரோடு நடந்தே போய்க் குளித்ததைச் சொல்லுவார். முதல் முழுக்கில் மூச்சு நின்றுவிடும் அளவுக்குக் குளிருமாம். இரண்டாம் முழுக்கில் வெளியே வர மனம் வராதாம்.

எனக்கு அதைச் செய்ய வழி இருக்கவில்லை. என்னிடம் கடவுச்சீட்டு இல்லை, முகாம் அடையாள அட்டைதான். போக விரும்பினால் வெளியேறும் அனுமதி வாங்கிப் போகலாம், தடுக்க ஆள் இல்லை. போனால் முகாம் பதிவில் பெயர் எடுபட்டுவிடும். திரும்புவதென்றால் விசாவோடு வெளிநாட்டுக்காரியாகத் திரும்ப வேண்டும். என் வீட்டுக்காரர் பெயின்டிங் வேலைக்குப் போகிறார். மகன் பொன்னேரி ஆசுபத்திரியில் பிறந்தவன், பன்னிரண்டாம் வகுப்பு. ஒன்றே கால் மணி நேரத்துப் பயணம் எனக்கு ஒருவழிப் பயணம்.

பெரியம்மாவின் மகன் கனடாவில் இருக்கிறார். நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர். செய்தி கேட்டதும் டொராண்டோவிலிருந்து கிளம்பி வந்தார். கனடா பாஸ்போர்ட்டுக்கு இரண்டு நாட்டுக் கதவும் திறக்கும். என் மகன் கொள்ளி வைத்தான். மறுநாள் காடாற்றும்போது எடுத்த எலும்பையும் சாம்பலையும் ஒரு செப்புக் குடத்தில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, அரக்கு வைத்து மூடினோம். இறப்புச் சான்றிதழ், எரியூட்டிய சான்றிதழ் இரண்டும் அதோடு ஒரு பிளாஸ்டிக் உறையில். குடத்தைக் கைப்பையில் வைக்க அண்ணாவுக்கு மனம் ஒப்பவில்லை. மடியில் வைத்துக்கொண்டுதான் காரில் வந்தார்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து மீனம்பாக்கம் 60 கிலோமீட்டருக்கு மேல். கவரைப்பேட்டை, தச்சூர், காரனோடை, செங்குன்றம், மாதவரம், ரெட்டேரி, பாடி, கோயம்பேடு, கத்திப்பாரா என்று ஊரை நெடுகக் குறுக்கே வெட்டிப் போக வேண்டும். டிக்கெட் இல்லாதவரை முனையத்துக்குள் விடமாட்டார்கள். வாசலில் நின்றிருந்த சிஐஎஸ்எப் காவலர் அண்ணாவின் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், டிக்கெட்டைப் பார்த்தார், கையிலிருந்த குடத்தைப் பார்த்தார். என்னவென்று இந்தியில் கேட்டார். அண்ணா ஆங்கிலத்தில் சொன்னார். காவலர் தொப்பியை ஒரு கையால் தொட்டு, குடத்தைப் பார்த்துத் தலை குனிந்துவிட்டு வழி விட்டார். அந்த மனிதர் எந்த ஊர்க்காரரோ, நன்றாக இருக்க வேண்டும்.

விமானம் ஏறப்போகிறேன் என்று அண்ணாவிடமிருந்து செய்தி வந்த பிறகுதான் நான் திரும்பினேன். கோயம்பேட்டில் நெரிசல், பாடியில் நெரிசல். புழல் சிறைச்சாலைச் சுவரை ஒட்டி வண்டி நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. "இறங்கியாச்சு. அம்மா வந்து சேர்ந்திட்டா." நான் வீடு சேர இன்னும் 30 கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. அம்மா ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்கு அடையாள அட்டை தேவைப்படவில்லை, வெளியேறும் அனுமதி தேவைப்படவில்லை, திரும்பி வருவாரா என்று யாரும் கேட்கவில்லை. சாம்பலுக்கு நாடு கிடையாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இதற்கு முன்னால் எனக்கு ஒரு யோசனை சொல்லப்பட்டது. கும்மிடிப்பூண்டியில் கோயில் காரியம் பார்க்கும் ஐயர் ஒருவர், அன்பானவர், எங்கள் முகாம் பிள்ளையாருக்கும் வந்து பூசை செய்து கொடுப்பவர், சொன்னார்: "ஏம்மா இவ்வளவு சிரமம்? பழவேற்காட்டுக் கடல்லயே கரைச்சுடுங்க. அதே தண்ணிதானே அங்கயும் போகுது. பகவான் எங்கதான் இல்ல?" ஆலையில் என்னோடு வேலை செய்கிற அக்காமாரும் இதையே சொன்னார்கள். திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் தை அமாவாசைக்கு எவ்வளவு கூட்டம் வருகிறது, அங்கே போய்த் திதி கொடு, பாவமெல்லாம் போகும் என்றார்கள். ஒருவர் சொல்லிலும் குறை இல்லை. என் மனம் ஆறட்டும் என்றுதான் சொன்னார்கள்.

ஆனாலும் அந்தக் கேள்வி போகவில்லை. இறைவன் எங்கும் இருக்கிறான் என்பதை நான் நம்புகிறேன், சந்தேகமே இல்லாமல் நம்புகிறேன். அப்படியானால் கீரிமலைக்குப் போக வேண்டும் என்ற அம்மாவின் ஆசை அறியாமையா? போக முடியவில்லையே என்று நான் அழுதது பக்திக் குறைவா?

பழைய நூல்கள் தூரத்தைப் பற்றி நினைத்துப் பார்க்காமல் இல்லை. மனுவின் நூலில் ஐந்தாம் அத்தியாயத்தில் அயலூர்ச் சாவுக்கு விதி இருக்கிறது. இறந்து பத்து நாளுக்குள் செய்தி கேட்டால் மீதியுள்ள நாட்களுக்குத் தீட்டு. பத்து நாள் கழிந்து கேட்டால் மூன்று நாள். ஒரு வருஷம் கழிந்து கேட்டால் குளித்தால் போதும். அந்தக் காலத்தில் ஒரு சாவுச் செய்தி ஆள் காலிலோ மாட்டு வண்டியிலோதான் வர வேண்டும். செய்தி நடந்து வரும் நேரத்தை அறிந்து, அதற்குத் தக்கபடி துக்கத்தை அளந்து கொடுத்திருக்கிறார்கள். உடலே கிடைக்காமல் போனால் தருப்பையால் உருச் செய்து எரிக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். போரில் காணாமல் போனவர்களின் வீட்டார் எத்தனையோ பேர் அதைக்கூடச் செய்ய மனம் வராமல் இன்னும் காத்திருக்கிறார்கள், அது வேறு கதை.

எங்கள் முகாமில் துடக்கு, அதாவது அந்தத் தீட்டு, இப்போது போனில் வருகிறது. அச்சுவேலியில் ஒரு சித்தப்பா கண்மூடினால் அரை மணி நேரத்தில் இங்கே அவருடைய பெறாமக்கள் வீட்டில் சாமி விளக்கு அணைகிறது. முப்பத்தொரு நாள் கோயிலுக்குப் போகமாட்டார்கள், நல்ல காரியத்துக்கு நிற்கமாட்டார்கள். துடக்குக்குக் கடல் ஒரு தடையே இல்லை. உறவு என்ற கடமை ஒரு நொடியில் வந்து சேர்ந்துவிடுகிறது. அந்தக் கடமையைக் கழிக்கப் போக வேண்டிய கால் மட்டும் இங்கேயே நிற்கிறது. சட்டம் எழுதிய முன்னோர்கள் செய்தி தாமதமாக வரும் என்று நினைத்தார்கள். செய்தி உடனே வந்து, வழியும் திறந்திருந்து, மகள் மட்டும் போக முடியாமல் இருப்பதை அவர்கள் நினைக்கவில்லை.

எங்கள் ஆலையில் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்துப் பையன்கள் நிறைய. அவர்களில் ஒருவனுக்குத் தகப்பன் இறந்த செய்தி காலை ஷிப்டில் வந்தது. கூட இருந்தவர்கள் பணம் போட்டுப் புவனேஸ்வரத்துக்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள். சென்னையிலிருந்து புவனேஸ்வரம் சுமார் 1,000 கிலோமீட்டர், பலாலியைப் போல மூன்று மடங்குக்குக் கிட்ட. போனான், காரியமெல்லாம் முடித்து, மொட்டைத் தலையோடு திரும்பி வந்தான். எல்லாருக்கும் ஊரிலிருந்து கொண்டுவந்த பலகாரம் கொடுத்தான். அவன் முகத்தில் இருந்த தெளிவை நான் பார்த்தேன். போய் வந்தவன் முகம் அது. பொறாமை இல்லை, அவனுக்காக மகிழ்ந்தேன். ஆனால் அந்தத் தெளிவு எங்கும் நிறைந்த கடவுளை நினைத்த மாத்திரத்தில் வந்துவிடாது. தகப்பன் கிடந்த திண்ணையில் போய் உட்கார்ந்தால்தான் வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் முகாம் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுக்கும் ஆச்சி ஒருவர் இருந்தார். நானும் அவரிடம் படித்தவள்தான். பெரியபுராணக் கதைகளை அவர் ஊர்ப்பெயர்களோடு சொல்லுவார். சுந்தரர் கதையின் ஒரு பகுதி இந்தத் திருவள்ளூர் மாவட்டத்து மண்ணிலேயே நடந்தது என்பதால் எங்களுக்கு அது மிகவும் நெருங்கியது. திருவொற்றியூரில் மகிழமரத்தடியில் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தார், உன்னை விட்டு இந்த ஊர் எல்லையைத் தாண்டமாட்டேன் என்று. திருவாரூரில் வசந்த விழா நினைவு வந்தது. எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயின. கண் போன பிறகும் அவர் திரும்பவில்லை. வடதிருமுல்லைவாயில் வழியாகத் திருவெண்பாக்கம் வந்து, இங்கே இருக்கிறீரா என்று இறைவனைக் கேட்டார். உள்ளே இருக்கிறோம், நீர் போகலாம் என்று பதில் வந்தது. ஊன்றிக்கொள்ள ஒரு கோல் மட்டும் கிடைத்தது. தடவித் தடவித் திருவாலங்காடு கடந்து காஞ்சிபுரம் போனபோது ஒரு கண், திருவாரூரில் மற்றொரு கண்.

அந்தத் திருவெண்பாக்கம் இன்றைக்குப் பூண்டி. சென்னை நகரத்துக்குக் குடிதண்ணீர் வேண்டுமென்று கொசஸ்தலை ஆற்றை மறித்து 1944இல் நீர்த்தேக்கம் கட்டினார்கள். பழைய கோயில் இருந்த இடம் தண்ணீருக்குள் போயிற்று. சுவாமியை மேட்டுக்குக் கொண்டுவந்து வேறு கோயில் கட்டினார்கள். முகாமிலிருந்து வேன் எடுத்துக்கொண்டு நாங்கள் போயிருக்கிறோம். ஏரிக்கரைக் காற்று அடிக்க, அந்தச் சன்னிதியில் நின்றபோது அம்மா சொன்னார்: "இவரையும் எங்களைப் போல எழுப்பித்தான் விட்டிருக்கினம்." அதற்குப் பிறகு அம்மாவுக்கு அந்தச் சாமி மேல் தனிப் பிரியம். எழுப்பப்பட்ட சாமியிடம் போய் நம் குறையைச் சொன்னால் விளக்க வேண்டிய அவசியமில்லை என்பார்.

கடவுளுக்கு இடம் மாற்றிக் கொடுக்கலாம், அங்கேயும் இருப்பார். ஐயர் சொன்னது அந்த அளவில் உண்மை. பூண்டியில் நான் கும்பிட்டது பாதிக் கடவுளை அல்ல. ஆனால் சுந்தரர் கதையை ஐயர் பக்கத்திலிருந்து படித்தால் ஒரு முடிச்சு விழுகிறது. இறைவன் எங்கும் இருக்கிறார் என்று சுந்தரருக்குத் தெரியாதா? திருவெண்பாக்கத்திலேயே இருக்கிறோம் என்று பதிலும் வந்துவிட்டது. அப்படியிருக்க, கண்ணில்லாத மனிதர் ஏன் அங்கேயே உட்காரவில்லை? திருவாரூர் அவருடைய ஊர். இறைவன் ஒரு ஊரில் இருப்பதும், நான் என் ஊருக்குப் போவதும் இரண்டு வேறு காரியங்கள். முதலாவது இரண்டாவதைத் தீர்த்து வைப்பதில்லை.

அப்பர் கதையைத்தான் எல்லாரும் எனக்குச் சொன்னார்கள், ஐயரும் சொன்னார். கயிலைக்கு நடந்த அப்பரைக் கயிலைக்குப் போக வேண்டாம் என்று இறைவனே சொல்லி, ஒரு பொய்கையில் மூழ்கச் சொல்லி, திருவையாற்றுக் குளத்தில் எழ வைத்து, அங்கேயே கயிலையைக் காட்டினார் அல்லவா? தூரம் என்பதே மாயை, பார்த்தாயா, என்பது அவர்கள் வாதம். திருவையாற்றில் ஆடி அமாவாசையில்தான் அந்தக் கயிலைக் காட்சி விழாவும் நடக்கிறது. கீரிமலையில் எங்கள் சனம் முழுகும் அதே நாள்.

கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். அப்பர் காசிக்கும் வடக்கே நடந்தார். பாதம் தேய்ந்தது. கையை ஊன்றித் தவழ்ந்தார், கை தேய்ந்தது. மார்பால் ஊர்ந்தார், மார்பும் சிதைந்தது. உடம்பைப் புரட்டிப் புரட்டி நகர்ந்தார். அப்போது முனிவர் வடிவில் வந்த இறைவன், மனிதரால் ஆகாது, திரும்பிப் போ என்றார். அப்பர் மறுத்தார். ஆண்டவனைக் காணாமல் இந்த உடலோடு திரும்பமாட்டேன் என்றார். அதற்குப் பிறகுதான் பொய்கை. தமிழ்நாட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு, கயிலை எங்கும் இருக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்தவருக்குக் கிடைத்த காட்சி இல்லை அது. திரும்பிப் போ என்ற சொல்லை, சொன்னவர் கடவுள் என்று தெரியாமலே, மறுத்தவருக்குக் கிடைத்தது. தூரத்தை இல்லாமல் செய்யும் உரிமை அந்தக் கதையில் இறைவன் ஒருவருக்குத்தான் இருக்கிறது. அதையும் அப்பர் உடம்பு முழுவதும் தேய்ந்த பிறகு, கருணையாகச் செய்தார். நடக்க வந்தவரை வாசலிலேயே மறித்து, தூரம் மாயை என்று உபதேசம் செய்வது வேறு.

என் துக்கத்துக்கு ஆறுதலாக 'அவன் எங்கும் இருக்கிறான்' என்று சொன்னவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. அந்த வாசகம் எங்கே போய் முடிகிறது என்பதில்தான் எனக்குப் பயம். எங்கும் இருக்கிறான் என்றால் எங்கே இருந்தாலும் சரிதான் என்றாகும். எங்கே இருந்தாலும் சரி என்றால் யாரையும் எங்கிருந்தும் எழுப்பலாம் என்றாகும். 2022 ஆகஸ்டில் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூர் என்று முடிவானது. அதற்கு முன் பார்த்த இடங்களில் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துப் பன்னூரும் ஒன்று. பரந்தூர்த் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரத்துச் சனம் போராடுவதைச் செய்தியில் பார்க்கும்போது எனக்கு வசாவிளான் ஞாபகம் வரும். விமானம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், என் அம்மாவை ஊர் சேர்த்தது விமானம். ஆனால் ஏரியும் குலதெய்வமும் சுடுகாடும் ஒரு ஊரில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அதில் ஒன்றை மட்டும் பிடுங்கி மேட்டில் நட்டால் பூண்டிக் கோயில் மாதிரி சாமி வேண்டுமானால் பிழைத்துக்கொள்வார்.

போகாமல் நிற்பதிலும் பக்தி உண்டு, அதையும் சொல்ல வேண்டும். இதே மாவட்டத்துத் திருவாலங்காடு காரைக்கால் அம்மையார் வந்து சேர்ந்த தலம். அம்மையார் கயிலைக்குக் காலால் நடப்பது தகாது என்று தலையால் நடந்தவர். அவர் தலையால் நடந்த மண் என்று அஞ்சி, ஞானசம்பந்தர் திருவாலங்காட்டுக்குள் கால் வைக்காமல் எல்லையிலேயே தங்கினார். போகாமை சம்பந்தருடைய முடிவு. உள்ளே போயிருந்தால் யாரும் தடுத்திருக்கமாட்டார்கள். நான் கீரிமலைக்குப் போகாமல் இருப்பதில் அந்த மேன்மை எதுவும் இல்லை. என்னால் போக முடிந்து, போகாமல் இருந்தால்தான் அது என் பக்தி.

அந்தியேட்டி அன்று அண்ணா வீடியோவில் காட்டினார். இங்கே நான், வீட்டுக்காரர், மகன் மூவரும் தலை முழுகி ஈரத்துணியோடு போன் முன்னால் உட்கார்ந்திருந்தோம். கிரியை தொடங்கும்போது அங்கே ஐயர் சங்கற்பம் சொன்னார். எந்தத் தீவு, எந்த நாடு, எந்த நதிக்கு எந்தப் பக்கம், என்ன ஆண்டு, என்ன மாதம், என்ன திதி, என்ன நட்சத்திரம், யாருக்காக, யார் செய்வது. எந்தச் சடங்கிலும் முதலில் இதைச் சொல்லாமல் ஒரு பிடி அரிசியைக்கூட எடுத்து வைக்க முடியாது. எங்கும் நிறைந்த கடவுளிடம்தான் பேசுகிறோம், ஆனாலும் நான் நிற்கும் இடம் இது என்று ஊர், திசை, நேரத்தோடு சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். அவருக்குத் தெரியாது என்பதற்காக இல்லை. சொல்கிறவன் எங்கோ ஓரிடத்தில் நிற்கிற உடம்பு என்பதற்காக. இந்தச் சங்கற்பத்தை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் அதன் பொருள் உறைத்தது. ஐயர் கேட்டார், "மகள் பெயர்?" அண்ணா என் பெயரைச் சொன்னார். "எங்க நிக்கிறா?" கும்மிடிப்பூண்டி என்றார். ஐயருக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை, இரண்டாம் தடவை கேட்டுச் சொன்னார்.

பிறகு படிக்கட்டில் இறங்கிக் கடலில் குடத்தைக் கவிழ்த்தார்கள். போனில் காற்றுச் சத்தம்தான் அதிகம் கேட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் கேணியில் சின்னப் பிள்ளைகள் குதித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவின் காரியம் குறைவின்றி நடந்தது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் ஆத்மா சாந்தி அடைந்தது. பாக்கி இருப்பது என் பங்கு. எங்கள் வழக்கத்தில் தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி. தாயை இழந்தவர்கள் அன்று விரதம் இருந்து, கஞ்சி காய்ச்சி, சித்திரபுத்திரனார் கதை படிப்போம். முகாமில் நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரே அடுப்பில் காய்ச்சுவோம். அதை நான் செய்வேன், விடமாட்டேன். ஆனால் கீரிமலைக்குப் பதிலாக அதைச் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

அப்பருக்குக் கிடைத்த பொய்கை எனக்கு வேண்டாம். அதைக் கேட்கும் தகுதியும் என் கால்களுக்கு இல்லை, அவை தேயவில்லை. போய்வர ஒரு டிக்கெட், அதை வாங்க ஒரு தாள், இரண்டு நாட்டு அரசும் ஒத்துக்கொண்டால் ஒரு கையெழுத்தில் முடிகிற காரியம். மற்றதெல்லாம் இருக்கிறது. ஆலையில் கேட்டால் ஐந்து நாள் லீவு கொடுப்பார்கள், பில் போட இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பௌர்ணமிக்கு முதல் நாள் விடியற்காலை முதல் மின்சார ரயிலில் கிளம்பினால் மீனம்பாக்கத்துக்கு நேரத்தோடு போய்விடலாம். சாயங்காலம் அச்சுவேலியில் சித்தி வீடு. மறுநாள் கீரிமலையில் முழுக்கு, நகுலேஸ்வரத்தில் ஒரு அர்ச்சனை, மத்தியானம் கஞ்சி. அதற்கு அடுத்த நாள் வசாவிளானுக்குப் போய், வேலி எதுவரைக்கும் விடுகிறதோ அதுவரைக்கும் நடந்து பார்க்க வேண்டும். மகனையும் கூட்டிக்கொண்டு போவேன். அவன் விமானத்தில் ஏறியதில்லை, சன்னல் பக்கம் அவனுக்கு.